துவக்கை ஒப்படைக்கப் போன நாள்

அப்பா இறந்து இருபத்திரண்டாம் நாள், அவருடைய துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்க நானும் தம்பியும் போனோம். கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அலுமாரிக்கு மேலே படுத்துக் கிடந்த அந்தத் துவக்கின் பக்கம் திரும்பாமலே அம்மா இரண்டு நாளாக வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்.

"அது அங்க இருக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. கொண்டுபோயி குடுத்துட்டு வந்துருங்க" என்றார்.

ஒற்றைக் குழல் துவக்கு, வேட்டைத் துப்பாக்கி. அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் காட்டோரமாகக் கொஞ்சம் நிலம் எடுத்து போஞ்சியும் வத்தாளங்கிழங்கும் போட்டார். காட்டுப்பன்றிகள் கிழங்கை விட்டுவைக்கவில்லை. துவக்கு லைசனுக்கு எழுதிப் போட்டார். விசாரணை, மறுபடி விசாரணை என்று இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் கிடைத்தது.

யுத்த காலத்தில் ஒருமுறை, அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனதற்காக அப்பாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கி நான்கு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி, இவர் கையில் துவக்கு கொடுக்கலாம் என்று பொலிஸே பிற்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டது. அப்பா அதைப் பற்றி எங்களிடம் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் லைசன் புத்தகத்தைத் தன் குடியுரிமைப் பத்திரத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். வருடக் கடைசியில் அதைப் புதுப்பிக்கப் போகும்போது முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல இருக்கும்.

கருமாதிக்கு மறுநாளே கிராம சேவகரைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"லைசன் அவரு பேர்ல. அவரு போயிட்டாரு, லைசனும் போயிடுச்சு. இனி அத வேற யாரும் வீட்ல வச்சிருந்தா குத்தம். தூக்கிக்கிட்டு ரோட்டுல போனாலும் குத்தம்."

"அப்ப எப்படிங்க ஒப்படைக்கிறது?"

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் நான் ஒரு கடிதம் தரணும். நாளைக்கு வாங்க."

மறுநாள் போனபோது அலுவலகம் பூட்டியிருந்தது. அவருடைய மனைவிக்கு ஒப்பரேஷன், ஒரு வாரம் வரமாட்டார் என்றார்கள். அந்த வாரத்தில்தான் எங்கோ தூரத்தில் யாரோ யாரையோ சுட்டதாகச் செய்தி வந்து, எல்லாப் பாதைகளிலும் சோதனை போட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து அலுமாரியைக் கவிழ்த்துத் தேடினார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்குச் சோறு இறங்காமல் போனது.

நான் பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்த நிலையம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிப்பதே என் வேலை. அப்பா இறந்ததையும், துவக்கு இருப்பதையும், கடிதம் கிடைக்காததையும் வரிசையாகச் சொன்னேன். ஒரு பெண்குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை மிஸ், கொண்டு வாங்க" என்றது. நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பேசியது யார் என்று கேட்கவில்லை.

தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையே அவனுக்குத் தெரியாத பொலிஸ்காரர் குறைவு. அவர்கள் கையில் அவன் பட்டதும் குறைவில்லை. அதனால் துவக்கைப் பின்சீட்டுக்குப் பின்னால், உரச் சாக்கில் சுற்றி வைக்கலாம் என்றான்.

"ஒளிச்சு வச்சிருந்தா ஒளிச்ச மாதிரிதான்டா இருக்கும். என் மடியில வச்சுக்கிறேன்."

"மடியில தொறந்து வச்சுக்கிட்டுப் போனா பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்தோம். குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி, ஒரு படுக்கை விரிப்பில் சுற்றினோம். மீதியிருந்த நான்கு தோட்டாக்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அதை அவன் காலடியில் வைத்தோம். லைசன், மரணச் சான்றிதழ், என் ஆசிரியை அட்டை எல்லாம் என் கைப்பையில். காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். தூறிக்கொண்டிருந்தது. மழைக்காக ஆட்டோவின் இரண்டு பக்கமும் ரெக்சின் திரையைத் தொங்கவிட்டிருந்தான். அது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

நிலையத்துக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது, ஒரு வளைவில் தடுப்புப் போட்டிருந்தார்கள். வழக்கமாக அங்கே சோதனை இருப்பதில்லை. முன்னால் ஒரு மரக்கறி லொறியும் ஒரு வேனும் நின்றன. திரும்பிப் போகலாமா என்று தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"திரும்பாத. திரும்பினா முடிஞ்சுது" என்றேன்.

எங்கள் முறை வந்தது. மூடிக் கிடந்த திரையைச் சந்தேகமாகப் பார்த்து இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவர் அதை விலக்கினார். என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"என்ன அது?"

வீட்டிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். முதலில் அப்பா இறந்ததைச் சொல்வது, பிறகு கடிதம், பிறகு தொலைபேசி. ஆனால் வாயில் முதலில் வந்தது ஒரே சொல்தான்.

"துவக்கு."

அவர் பின்னால் துள்ளினார். அடுத்த கணம் அவருடைய நீளத் துவக்கின் வாய் எங்களைப் பார்த்தது. "இறங்கு! இறங்கு! கையைத் தூக்கு!" என்று கத்தினார். தம்பி இறங்கியவன், யாரும் சொல்லாமலே ஈர ரோட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். அதை எங்கே கற்றான் என்று இன்றுவரை நான் அவனிடம் கேட்டதில்லை. நான் கையைத் தூக்கினால் பொட்டலம் மடியிலிருந்து விழும். தூக்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்று தெரியாது. அசையாமல் இருந்தேன். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளோடு அப்படியே நின்று பார்த்தார்கள்.

தடுப்பருகே நின்ற சார்ஜன் நடந்து வந்தார். ஓடி வரவில்லை என்பது அப்போதே மனதில் பட்டது. ஐம்பது வயதிருக்கும், வயிறு கொஞ்சம் சரிந்தவர். கான்ஸ்டபிளின் துவக்குக் குழலைக் கையால் மெதுவாகத் தரைப்பக்கம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தோட்டா போட்டிருக்கா?"

"இல்லை சேர். கழற்றி இரண்டாக இருக்கிறது. தோட்டா முன்னால் டின்னில்."

அவரே பொட்டலத்தை எடுத்து ஆட்டோவின் சீட்டில் வைத்துப் பிரித்தார். நான் பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். மரணச் சான்றிதழை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். தம்பி இன்னும் மண்டியிட்டுத்தான் இருந்தான். முழங்காலைச் சுற்றித் தண்ணீர் ஓடியது.

"கிராம சேவகர் கடிதம்?"

"அவர் விடுமுறை சேர். ஸ்டேஷனுக்குப் பேசினேன். கொண்டு வரச் சொன்னார்கள்."

"யார் சொன்னது?"

"பெயர் தெரியாது. ஒரு பெண்."

அவர் நிலையத்துக்குப் பேசினார். அப்படி யாரும் சொன்னதாகக் குறிப்பில் இல்லை என்று பதில் வந்ததை அவர் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்து, நான் கேட்கமாட்டேன் என்று நினைத்தோ என்னவோ, "சேர், இது நல்ல கேஸ். சோதனையில் முதல் துவக்கு" என்றார்.

சார்ஜன் என்னிடம் திரும்பினார்.

"சட்டப்படி நான் உங்கள் இரண்டு பேருக்கும் விலங்கு போடவேண்டும். தெரியுமா மிஸ்?"

"தெரியும் சேர்."

"தெரிந்தும் ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?"

"வீட்டில் வைத்திருந்தாலும் அதேதானே சேர்."

எங்களுக்குப் பின்னால் இரண்டு பஸ்கள் வந்து நின்று ஹோர்ன் அடித்தன. துவக்கு வழக்கென்றால் நீதவான் சுலபத்தில் பிணை கொடுக்கமாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்திருந்தேன். அதை யார் நடத்துவார்கள் என்று அந்த நேரத்தில் யோசித்தேன். பயத்தில் மனம் எங்கெங்கோ போகிறது.

சார்ஜன் துவக்கைத் திரும்பச் சுற்றினார். தம்பியைப் பார்த்து, "எழும்பு. ஓட்டு" என்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தையும் டின்னையும் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இப்போது இது என் கையில் இருக்கிறது. நீங்கள் என்னோடு வருகிறீர்கள். அவ்வளவுதான்."

வழியில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார். "நன்றி எல்லாம் வேண்டாம். உங்களைப் பிடித்தால் நான் இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலையவேண்டும். எனக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம்தான் இருக்கிறது." அது உண்மைக் காரணமா, அல்லது தன் இரக்கத்தை அப்படிச் சொல்லி மறைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நிலையத்தில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எங்களுக்கு எதிரே இன்னொரு பெஞ்சில், கையில் விலங்கோடு ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோட்டத் தொழிலாளி என்று பார்த்தவுடன் தெரிந்தது. காலில் அட்டை கடித்த இரத்தம் காயாமல் இருந்தது. அவர் நிமிரவில்லை. நானும் அப்போது அவரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

குற்றப் பிரிவின் எஸ்.ஐ. என்று சொன்ன ஒருவர் வந்து துவக்கைப் பார்த்தார். சார்ஜனோடு உள் அறையில் பேசினார். குரல் உயர்ந்தது. "ரோட்டில் சோதனையில் அகப்பட்டது, அகப்பட்டதுதான்" என்று எஸ்.ஐ. சொன்னது தெளிவாகக் கேட்டது. அரை மணி நேரத்தில் எஸ்.ஐ. ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்."

வாசித்தேன். பெயர், முகவரி, துவக்கின் இலக்கம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில், வீதிச் சோதனையின்போது ஆட்டோவிலிருந்து கண்டெடுக்கப்பட்டது என்று சிங்களத்தில் எழுதியிருந்தது.

"இதில் கண்டெடுக்கப்பட்டது என்று இருக்கிறது. நாங்கள் கையளிக்க வந்தோம்."

"எல்லாம் ஒன்றுதான் மிஸ். எழுதும் முறை அப்படி."

தம்பி என் முழங்கையை இடித்தான். "போட்டுருக்கா. போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்" என்றான் தமிழில். அவனுடைய காற்சட்டை இன்னும் நனைந்திருந்தது. நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருப்பேன்.

"ஒன்றென்றால் கையளிக்கப்பட்டது என்றே எழுதுங்கள் சேர். நான் சிங்களம் படிப்பிக்கிறவள். இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் என் பிள்ளைகளுக்கே தெரியும்."

எஸ்.ஐ.யின் முகம் மாறியது. புத்தகத்தை மூடினார். "அப்படியென்றால் உட்காருங்கள். இன்றைக்கு முழுக்க உட்காருங்கள். பிறகு கோர்ட்டில் சொல்லுங்கள்" என்றார்.

உட்கார்ந்தோம். பத்தரை, பதினொன்றரை. அம்மா இரண்டு தடவை அழைத்தார். எடுக்க விடவில்லை. பன்னிரண்டு மணி போலப் பொறுப்பதிகாரி வெளியிலிருந்து வந்தார். சார்ஜனையும் எஸ்.ஐ.யையும் நிற்கவைத்து விசாரித்தார். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டார்.

"இந்த மிஸ்ஸைக் கொண்டுவரச் சொன்னது யார்?"

தொலைபேசி மேசையில் இருந்த பெண் கான்ஸ்டபிள் எழுந்தார். மிகவும் சின்ன வயது. சீருடைச் சட்டையின் கழுத்து அவருக்குப் பெரிதாக இருந்தது.

"நான்தான் சேர். புத்தகத்தில் பதிய மறந்துவிட்டேன்."

தொலைபேசியில் கேட்ட அதே குரல். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவர்தான் என்று நிரூபிக்க எங்களால் முடிந்திருக்காது. பொறுப்பதிகாரி அவரைத் திட்டினார். எங்கள் முன்னாலேயே, கூசும்படி திட்டினார். அவர் கண் கலங்க நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் பொறுப்பதிகாரி எஸ்.ஐ.யிடம் புத்தகத்தை வாங்கி, கடைசி வரியை ஒரு கோட்டால் வெட்டி, "மரணமடைந்தவரின் மகளால் கையளிக்கப்பட்டது" என்று தன் கையால் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். ஒரு பற்றுச்சீட்டு தந்தார்கள். அதைப் பைக்குள் வைத்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

நாங்கள் எழுந்தபோது பொறுப்பதிகாரி கூப்பிட்டார். "மிஸ், ஒரு உதவி. எங்கள் தமிழ் அதிகாரி இன்றைக்கு லீவு. இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்."

எதிர் பெஞ்சில் இருந்தவரைக் கொண்டுவந்தார்கள். மேசையில் ஓர் இரும்புக் குழாயை வைத்தார்கள். கட்டுத்துவக்கு. காட்டுப் பாதையில் முழங்கால் உயரத்தில் கட்டி, குறுக்கே நூல் இழுத்து வைப்பார்கள். பன்றி நூலில் இடறினால் வெடிக்கும். மனிதன் இடறினாலும் வெடிக்கும். அதற்கு லைசன் என்ற ஒன்றே கிடையாது.

"அய்யா, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. நான் அப்படியே இவங்ககிட்டச் சொல்றேன்" என்றேன்.

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நான் கட்டல டீச்சர். வெறகுக்குப் போனப்ப பாத்தேன். பொம்பளைங்க கொழுந்துக்குப் போற குறுக்குப் பாதையில கட்டிருக்கான், எவனோ ஒருத்தன். போன வருசம் இதே மாதிரி ஒரு பொம்பளைக்குக் கால் போயிருச்சு. அதான் அவுத்து எடுத்தேன். பொலிசுல குடுத்துருவோம்னு தூக்கிட்டு வந்தேன். பாதையில புடிச்சிட்டாங்க."

ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். எஸ்.ஐ. சிரித்துவிட்டார். "இன்றைக்கு எல்லோரும் எங்களுக்குத் துவக்குக் கொண்டுவருகிறார்கள்" என்றார். பிறகு, "யார் இவனைக் கொண்டுவரச் சொன்னது என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

"யாரும் சொல்லல டீச்சர். யாருகிட்டப் போயி நான் கேக்கிறது?"

அதையும் சொன்னேன். பொறுப்பதிகாரி எழுதிக்கொண்டார். நாளை நீதவானிடம் கொண்டுபோவோம் என்றார். நான் அங்கே நின்றேன். என்னுடையதும் இதே கதைதானே சேர், நானும் ரோட்டில் பிடிபட்டவள்தானே என்று கேட்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. சொற்கள்கூட நாக்கில் தயாராக இருந்தன. பைக்குள் இருந்த பற்றுச்சீட்டை அவர்கள் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

அவரைக் கூண்டுக்குக் கொண்டுபோகும்போது திரும்பிக் கேட்டார். "டீச்சர், நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"சொன்னேங்கய்யா."

"அப்பச் சரி" என்று போனார்.

சொன்னது உண்மைதான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை என்பதும் உண்மை. வாசலில் சார்ஜன் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்று தெரிந்தது. "என்னிடம் அகப்படவில்லை அந்த ஆள்" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா சாப்பிட்டார். எனக்குத்தான் முடியவில்லை. மறுநாள் தம்பியை அழைத்துக்கொண்டு அந்த மனிதரின் தோட்டத்துக்குப் போனேன். "நமக்கெதுக்குக்கா, திரும்ப அங்கயா?" என்று சொல்லிக்கொண்டேதான் தம்பி ஓட்டினான். லயத்து வரிசை வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். குறுக்குப் பாதையில் கட்டுத்துவக்கு இருந்ததைப் பார்த்த பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இருந்தார்கள். அவர் அதை அவிழ்த்தபோது இரண்டு பேர் கூடவே நின்றிருக்கிறார்கள். பொலிஸுக்கு வந்து சொல்வதற்குத்தான் பயந்தார்கள். மூன்று தடவை போய்ப் பேசினேன். கடைசியில் ஒருவர் மட்டும் வந்தார். அவருடைய வாக்குமூலத்தை நானே பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தேன். அன்று எழுதியவர் அந்தச் சின்னப் பெண் கான்ஸ்டபிள். இந்த முறை நேரத்தையும் பெயரையும் புத்தகத்தில் முதலில் பதிந்துவிட்டுத்தான் பேனாவை நகர்த்தினார்.

அந்த வாக்குமூலத்தால்தான் என்று சொல்லமுடியாது, ஆனால் ஐந்து வாரம் கழித்து அவருக்குப் பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகிறார். ஒருமுறை ஹட்டன் பஸ் நிலையத்தில் பார்த்தேன். என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பிளேன்டீ வாங்கித் தந்தார். அன்றைக்கு நான் அமைதியாக நின்றதைப் பற்றி அவரிடம் சொல்ல முயன்றேன். "அதெல்லாம் விடுங்க டீச்சர், ஒங்களுக்கே அன்னைக்கு எவ்வளவு பயம்னு நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார்.

போன மாதம் அதே தோட்டத்தில் இன்னொரு கட்டுத்துவக்கு அகப்பட்டது. வாக்குமூலம் கொடுத்த பெண்தான் எனக்கு அழைத்துச் சொன்னார்.

"அவுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, தொடல டீச்சர். யாரும் கிட்டயே போகல. சிவப்புச் சேலையக் கிழிச்சு ரெண்டு பக்கமும் கட்டிட்டு, ஆள் மாத்தி ஆள் நின்னு, வர்றவங்களையெல்லாம் கத்திக் கத்தித் திருப்பி அனுப்பிக்கிட்டிருக்கோம். பொலிசுக்குச் சொல்லி இன்னையோட ரெண்டு நாளாச்சு. நீங்க ஒருக்காப் பேசிப் பாக்கிறீங்களா?"

பேசினேன். இந்த முறை, தொலைபேசியை எடுத்தவரின் பெயரைத்தான் முதலில் கேட்டேன்.